மட்டக்குதிரையின் குளிர்கால முடியை நீக்கும் கருவிகள்

மட்டக்குதிரையின் குளிர்கால முடியை நீக்கும் கருவிகள் என்பவை, குளிர் நாடுகளில் வாழும் மட்டக்குதிரைகள் இளவேனிற்காலத்தில் உதிர்க்கும் அடர்ந்த முடியை அவற்றின் உடலிலிருந்து அகற்றப் பயன்படும் சீப்புகள், தூரிகைகள், பற்களுள்ள உலோகப் பட்டைகள், உராய்வுக் கட்டைகள் முதலியவை ஆகும். குதிரையின் உடலைத் தேய்த்துத் தூய்மை செய்யும் அன்றாடப் பணிக்கான கருவிகளுள் இவை ஒரு பிரிவாகும். இவற்றுள் பல ஆண்டு முழுவதும் பயன்படுகின்றன. சில முடி உதிரும் சில வாரங்களுக்கு மட்டுமே தேவைப்படுகின்றன.

இக்கருவிகள் எவையும் முடியை உதிர்ப்பதில்லை. முடி எப்போது உதிர வேண்டும் என்பதைக் குதிரையின் உடலே பகற்பொழுதின் நீளத்தைக் கொண்டு தீர்மானிக்கிறது. வேரிலிருந்து ஏற்கனவே விடுபட்டும் தோலின் மேல் தங்கியிருக்கும் முடியை எடுத்துவிடுவது மட்டுமே கருவியின் வேலை. இந்த வேறுபாட்டை அறியாது கூர்மையான கருவியால் அழுத்தித் தேய்க்கும்போது, உதிரவேண்டிய முடியோடு உதிரக்கூடாத முடியும் அறுபடுகிறது, தோலும் புண்படுகிறது. மறுபுறம், எந்தக் கருவிக்கும் இணங்காமல் கோடைவரை நிற்கும் முடி, நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும்.

== மட்டக்குதிரையும் குளிர்கால முடியும் ==

கழுத்தும் முதுகும் சேரும் தோள்மேட்டில் அளக்கும்போது 14.2 கை, அதாவது ஏறத்தாழ 147 செ.மீ. உயரத்துக்கு மிகாத குதிரைகள் பொதுவாக மட்டக்குதிரைகள் எனப்படுகின்றன. ஒரு கை என்பது 4 அங்குலம் (10.16 செ.மீ.) ஆகும். இவ்வளவையில் புள்ளிக்குப் பின்வரும் எண் அங்குலத்தைக் குறிக்கும், எனவே 14.2 கை என்பது 14 கையும் 2 அங்குலமும் ஆகும்.

மட்டக்குதிரை இனங்களுள் பல பிரித்தானியத் தீவுகளையும் அயர்லாந்தையும் சேர்ந்தவை. செட்லாந்து, எக்சுமூர், டார்ட்மூர், வெல்சு, ஐலாந்து, கானமாரா ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. மழையும் காற்றும் மிகுந்த மேட்டுநிலங்களிலும் தீவுகளிலும் கூரையின்றித் திறந்தவெளியில் குளிர்காலத்தைக் கழித்துப் பழகியவை என்பதால், இவற்றின் குளிர்கால முடி உயர்ந்த பந்தயக் குதிரைகளின் முடியைவிட மிக அடர்த்தியாக வளர்கிறது. 42 அங்குலத்துக்கு (107 செ.மீ.) மிகாத செட்லாந்து மட்டக்குதிரை குளிர்காலத்தில் கரடிக்குட்டியைப் போன்று தோற்றமளிக்கும். இவ்வினத்துக்கான வழிமரபுப் பதிவுச் சங்கம் 1890ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

குளிர்கால முடி இரண்டு அடுக்குகளைக் கொண்டது. தோலை ஒட்டியிருக்கும் மென்மையான, கம்பளி போன்ற அடிமயிர் காற்றைத் தேக்கிவைத்து உடல் வெப்பம் வெளியேறாமல் காக்கிறது. அதன் மேல் நீண்டிருக்கும் தடித்த மேல்மயிர், தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையின் துணையால் மழைநீரை உள்ளே விடாமல் வழிந்தோடச் செய்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள எக்சுமூர் மட்டக்குதிரையின் முதுகில் விழும் பனி உருகாமல் அப்படியே தங்கியிருப்பதைக் காணலாம். உடல் வெப்பம் வெளியே கசியவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

குளிர் மிகும்போது ஒவ்வொரு மயிர்க்காலிலும் உள்ள நுண்ணிய தசை சுருங்கி முடியை நிமிர்த்துகிறது. இதனால் தேங்கும் காற்றின் அளவு கூடுகிறது. சேறு படிந்தோ நனைந்தோ முடி படிந்துவிட்டால் இந்தப் பயன் குறைந்துவிடும். பிடரி மயிரும் வால் மயிரும் இவ்வாறு பருவந்தோறும் மாறுவதில்லை.

== முடி உதிர்வதற்கான காரணம் ==

வெயில் ஏறுவதால்தான் முடி உதிர்கிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் முதன்மைக் காரணம் வெப்பம் அன்று, பகலின் நீளமே ஆகும். கண்ணின் வழியாக உணரப்படும் ஒளியின் கால அளவுக்கேற்ப மூளையிலுள்ள கூம்புச் சுரப்பி மெலடோனின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. இது இருளில் மிகுதியாகவும் ஒளியில் குறைவாகவும் சுரப்பதால், நீண்ட இரவுகளில் அதன் அளவு கூடுகிறது. திசம்பர் 21 அல்லது 22ஆம் நாளுக்குப் பின் வட அரைக்கோளத்தில் பகல் நீளத் தொடங்கும்போது மெலடோனின் சுரக்கும் நேரம் குறைகிறது. அதைத் தொடர்ந்து கபச் சுரப்பியிலிருந்து வெளிப்படும் புரோலாக்டின் என்னும் இயக்குநீரின் அளவு உயர்ந்து, பழைய முடி வேரிலிருந்து விடுபடவும் புதிய குறுமுடி முளைக்கவும் தூண்டுகிறது.

இம்மாற்றம் கடுங்குளிரின் நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. ஆயினும் கையால் தடவினாலே முடி கொத்தாக வரும் நிலை பிரித்தானியாவில் பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் தோன்றி மே மாதம்வரை நீடிக்கிறது. தென் அரைக்கோளத்தில் பருவங்கள் மாறியிருப்பதால் ஆகத்து, செப்டம்பர் மாதங்களில் இது நிகழ்கிறது. இலையுதிர்காலத்தில் கோடை முடி உதிர்ந்து குளிர்கால முடி வளர்வதும் உண்டு. ஆனால் அப்போது உதிர்வது குறுகிய முடி என்பதால் அது அதிகம் கண்ணில் படுவதில்லை.

வட அகலக்கோடு 60 பாகையை ஒட்டியுள்ள செட்லாந்து தீவுகளில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 6 மணிநேரமும் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 19 மணிநேரமும் கொண்டது. ஒப்பீட்டளவில் சென்னையில் இவ்விரண்டுக்கும் இடையேயான வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணிநேரமே. வெப்பமண்டல நாடுகளில் வளரும் குதிரைகளிடம் இத்தகைய பெரும் முடி உதிர்வைக் காண இயலாததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பெண் குதிரைகளைப் பருவத்துக்கு முன்பே இனப்பெருக்கத்துக்கு ஆயத்தப்படுத்த, குளிர்காலத்தில் லாயத்தில் விளக்கெரித்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணிநேரம் ஒளி கிடைக்கச் செய்வது வழக்கம். அக்குதிரைகளின் முடியும் முன்னதாகவே உதிர்ந்துவிடுகிறது. முடி உதிர்வுக்கு ஒளியே அடிப்படை என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. எனினும் வெப்பநிலை, உணவு, வயது, உடல்நலம் ஆகியனவும் உதிர்வின் வேகத்தைப் பாதிக்கின்றன. மெலிந்த குதிரைகளும் குடற்புழுக்களால் துன்புறும் குதிரைகளும் முடியைத் தாமதமாகவே உதிர்க்கின்றன.

== கருவிகளின் வகைகள் ==

=== ரப்பர் கர்ரி சீப்பு ===

உள்ளங்கையில் அடங்கும் நீள்வட்ட வடிவான ரப்பர் தகட்டில், குட்டையான பற்கள் வட்டவட்டமாக அமைந்த கருவி இது. இதைத் தோலின் மேல் சிறு வட்டங்களாகச் சுழற்றித் தேய்க்கும்போது விடுபட்ட முடி மேலெழும்பித் திரள்கிறது. சேறும் பொடுகும் கூடவே வெளிவருகின்றன. பற்கள் வளைந்துகொடுப்பதால் தோலைக் கீறுவதில்லை. முடி நீக்கும் கருவிகளுள் மிகப் பாதுகாப்பானதும் முதலில் வாங்கத்தக்கதும் இதுவே ஆகும். நீண்ட, மென்மையான பற்கள் கொண்ட வகைகளை முகத்துக்கும் பயன்படுத்தலாம். விரல்களிலும் உள்ளங்கையிலும் ரப்பர் முளைகள் பதித்த கையுறைகள் இதன் மற்றொரு வடிவமாகும்.

=== உலோகக் கர்ரி சீப்பு ===

இதில் இரு வகைகள் உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த, பல்வெட்டிய மெல்லிய உலோக வளையங்களைக் கைப்பிடியுடன் இணைத்த வில் வகை, அடர்ந்த முடியையும் காய்ந்த சேற்றையும் எளிதில் அகற்றும். தசை மிகுந்த கழுத்து, விலா, பின்புட்டம் ஆகிய இடங்களில் மட்டுமே, மெதுவாக இதைப் பயன்படுத்த வேண்டும். வரிசை வரிசையாகப் பற்களுள்ள சதுர வடிவான மற்ற வகை குதிரையின் உடலுக்கானது அன்று. தூரிகையில் சேரும் முடியையும் அழுக்கையும் வழித்தெடுக்கவே அது பயன்படுகிறது. புதியவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுவது உண்டு.

=== பற்பட்டை ===

இளவேனிற்காலத்துக்கே உரிய கருவி இது. ஆங்கிலத்தில் செட்டிங் பிளேடு எனப்படுகிறது. வளையக்கூடிய நீண்ட எஃகுப் பட்டையின் ஒரு விளிம்பில் சிறு பற்கள் வெட்டப்பட்டிருக்கும். மறு விளிம்பு வழவழப்பாக இருக்கும். இரு முனைகளிலும் தோல் பிடிகள் உள்ள பட்டையை நேராகப் பிடித்து இரு கைகளாலும் இழுக்கலாம். அல்லது முனைகளைச் சேர்த்துக் கண்ணீர்த்துளி வடிவ வளையமாக்கி ஒரு கையாலும் பயன்படுத்தலாம். பற்களுள்ள பக்கம் முடியை இழுத்தெடுக்கும். வழவழப்பான பக்கம், குளிப்பாட்டிய பின்னரோ வியர்த்த பின்னரோ நீரை வழித்துவிட உதவும்.

=== மரக்கைப்பிடி அலகு ===

அரம்பத்தின் மெல்லிய அலகைப் போன்ற, நுண்ணிய பற்களுள்ள உலோக அலகை மரக்கட்டையில் பதித்துச் செய்யப்படும் கருவி இது. கையடக்கமானது, அடிமயிரை விரைவாக எடுத்துவிடும். பற்கள் மிக நுண்ணியவை என்பதால் ஒரே இடத்தில் பலமுறை இழுத்தால் மேல்மயிர் அறுபடும். நாய்களுக்கென உருவாக்கப்பட்ட, சீப்பினடியில் அலகு பொருத்திய முடி நீக்கிகளைச் சிலர் மட்டக்குதிரைகளுக்கும் பயன்படுத்துகின்றனர். அவற்றுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

=== உராய்வுக் கட்டை ===

நுண்துளைகள் நிறைந்த நுரைக் கண்ணாடியாலான செங்கல் வடிவக் கட்டை இது. இதன் சொரசொரப்பு முடியைப் பற்றி இழுக்கிறது. பயன்படுத்தும்போது கட்டை சிறிது சிறிதாகத் தேய்ந்து பொடியாவதால், உட்புறத்திலிருந்து புதிய சொரசொரப்பான பரப்பு வெளிப்படுகிறது. கோடையின் இறுதியில் குதிரையின் கால் முடிகளில் பாட் ஈ ஒட்டிவைக்கும் மஞ்சள் நிற முட்டைகளைச் சுரண்டி எடுக்கவும் இது பயன்படுகிறது.

=== தூரிகைகள் ===

டாண்டி பிரஷ் எனப்படும் முரட்டுத் தூரிகை நீண்ட, விறைப்பான நார்களைக் கொண்டது. கர்ரி சீப்பு மேலே கொண்டுவந்த முடியையும் தூசியையும் இது தெறித்து அகற்றும். பாடி பிரஷ் எனப்படும் மென்தூரிகை குட்டையான, நெருக்கமான நார்களைக் கொண்டது. முகம், வயிறு, கால்களின் உட்புறம் ஆகிய மென்மையான பகுதிகளுக்கும், இறுதியில் முடியைப் படியவைத்து மெருகூட்டுவதற்கும் இது ஏற்றது.

=== மின்கருவிகள் ===

குதிரைகளுக்கென அமைக்கப்பட்ட வெற்றிடத் தூய்மையாக்கிகள் முடியையும் தூசியையும் உறிஞ்சிவிடுகின்றன. இவற்றின் ஓசைக்குக் குதிரையைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். முடி கத்தரிக்கும் மின்கருவி உதிர்முடி நீக்கும் கருவி அன்று. அது வளரும் முடி, உதிரும் முடி என்ற வேறுபாடின்றி அனைத்தையும் ஒரே உயரத்தில் வெட்டிவிடுகிறது. அடியில் முளைத்துவரும் கோடை முடியும் வெட்டுப்படாதிருக்க, சனவரி மாத இறுதிக்குப் பின் கத்தரிக்கக்கூடாது என்பது பிரித்தானியக் குதிரை வளர்ப்போரின் மரபான அறிவுரை ஆகும்.

== பெயர்க் காரணமும் வரலாறும் ==

கர்ரி சீப்பின் பெயரிலுள்ள கர்ரி என்னும் சொல்லுக்கும் உணவைக் குறிக்கும் அதே ஒலியுடைய ஆங்கிலச் சொல்லுக்கும் தொடர்பில்லை. உணவைக் குறிக்கும் சொல் தமிழின் கறி என்பதிலிருந்து வந்ததாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. சீப்பின் பெயரோ, ஆயத்தப்படுத்துதல், ஒழுங்குசெய்தல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சு வினைச்சொல்லிலிருந்து வந்தது. தோல் பதனிடும் தொழிலில் தோலை மெருகேற்றுவதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் குறிப்பர்.

ஒருவரைப் புகழ்ந்து சலுகை பெறுவதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரொன்றும் குதிரை தேய்ப்பதிலிருந்தே பிறந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் இயற்றப்பட்ட அங்கதக் காப்பியத்தில் ஃபோவெல் என்னும் குதிரை அரண்மனையில் வீற்றிருக்கும். மன்னரும் மதகுருமாரும் போட்டியிட்டு அதன் உடலைத் தேய்த்துவிடுவர். ஃபோவெலைத் தேய்த்தல் என்பது முகத்துதி செய்தலைக் குறிக்கலாயிற்று. பிற்கால ஆங்கிலத்தில் குதிரையின் பெயர், சலுகையைக் குறிக்கும் ஃபேவர் என்னும் சொல்லாகத் திரிந்துவிட்டது.

குதிரையின் உடலைத் தேய்ப்பது பற்றிய மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்று, கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர் செனபோன் குதிரையேற்றம் குறித்து எழுதிய நூலில் உள்ளது. முதுகெலும்பின் மேலுள்ள முடியை எந்தக் கருவியாலும் தொடாமல், முடி இயல்பாகப் படிந்திருக்கும் திசையில் கையால் மட்டுமே தேய்க்க வேண்டும் என்று அவர் வலியுறுத்துகிறார். எலும்பு துருத்தும் இடங்களில் கடினமான கருவி ஆகாது என்னும் இன்றைய அறிவுரை, இதனோடு ஒத்துப்போகிறது.

தொழிற்சாலைக் கருவிகள் பரவுவதற்கு முன்னர், வைக்கோலையோ உலர்புல்லையோ ஈரமாக்கிக் கயிறுபோல் முறுக்கி முடிச்சிட்டுச் செய்த திரணையால் உடலைத் தேய்ப்பது ஐரோப்பிய லாயங்களில் வழக்கமாக இருந்தது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பருக்கு வலுவூட்டும் முறைக்கு சார்லசு குட்இயர் 1844ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். குளிரில் விறைக்காமலும் வெயிலில் இளகாமலும் இருக்கும் ரப்பர் அதன் பின்னரே கிடைத்தது. ரப்பர் சீப்புக்கு வழிவகுத்தது அதுவே.

== பயன்படுத்தும் முறை ==

முடி உலர்ந்திருக்கும்போதே கருவிகளைப் பயன்படுத்த வேண்டும். ஈரமுடியில் சேறு தோலோடு அரைபடும், முடியும் சிக்கிக்கொள்ளும். இழுத்தவுடன் அவிழும் முடிச்சால் குதிரையைக் கட்டி, அதன் பக்கவாட்டில் தோளருகே நின்று வேலையைத் தொடங்குவர். நேர் பின்னால் நிற்பது ஆபத்தானது. ஒரு கை எப்போதும் குதிரையின் உடலைத் தொட்டிருந்தால் அதன் அசைவை முன்கூட்டியே உணரலாம்.

வழக்கமான வரிசை பின்வருமாறு அமையும்:

* முதலில் கையால் உடல் முழுவதும் தடவிப் புண், வீக்கம், சொறி உள்ளனவா என்று பார்த்தல்.
* ரப்பர் கர்ரி சீப்பைக் கழுத்தின் மேற்பகுதியில் தொடங்கித் தோள், முதுகின் பக்கங்கள், விலா, பின்புட்டம் என வட்டமாகச் சுழற்றிச் செல்லுதல்.
* முடி மிகுதியாக வருமிடங்களில் பற்பட்டையையோ உராய்வுக் கட்டையையோ முடி படிந்துள்ள திசையில் அழுத்தமின்றி இழுத்தல்.
* முரட்டுத் தூரிகையால் குறுகிய வீச்சுகளில் உதிர்முடியை வெளியே தள்ளுதல்.
* மென்தூரிகையால் முகத்தையும் மென்மையான பகுதிகளையும் துடைத்து முடித்தல்.

உடற்பகுதிக்கேற்பக் கருவியைத் தேர்தல் வேண்டும்:

* கழுத்து, தோள், விலா, பின்புட்டம்: எல்லாக் கருவிகளும் பயன்படும்.
* முதுகெலும்பு, இடுப்பெலும்பின் முனை, தோள்மேடு: ரப்பர் சீப்பு அல்லது தூரிகை மட்டும்.
* வயிறு, விலாவுக்கும் பின்னங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி: மென்மையான ரப்பர் சீப்பு, மென்தூரிகை. இங்கு தோல் மெல்லியது, கூச்சமும் அதிகம்.
* முழங்காலுக்குக் கீழே: தூரிகை. முட்டைகளை அகற்ற மட்டும் உராய்வுக் கட்டை.
* முகம்: மென்தூரிகை, கையுறை அல்லது வெறுங்கை.

கருவி முடியை எடுக்கிறதா, அறுக்கிறதா என்பதைச் சிக்கிய முடியைப் பார்த்தே அறியலாம். இயல்பாக உதிர்ந்த முடி நுனி முதல் அடிவரை முழு நீளத்துடன் இருக்கும். குட்டையான, முனை மழுங்கிய துண்டுகள் மிகுதியாகக் காணப்பட்டால் கருவி நலமான முடியை வெட்டுகிறது என்பது பொருள். ஒரே இடத்தில் முடி வருவது நின்றவுடன் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். ஒரே நாளில் அனைத்தையும் எடுத்துவிட முயல்வதைவிட நாள்தோறும் சிறிது நேரம் தேய்ப்பதே நன்று. இளவேனிலின் தொடக்கத்தில் இரவுக்குளிர் நீடிப்பதால், இன்னும் வேரூன்றியிருக்கும் முடி குதிரைக்குத் தேவையானதும் ஆகும்.

குதிரை தன் விருப்பத்தையும் வெறுப்பையும் வெளிப்படையாகக் காட்டும். மேலுதட்டை நீட்டி அசைத்தல், தலையைத் தாழ்த்தி அரைக்கண் மூடுதல் ஆகியன மகிழ்ச்சியின் குறிகள். காதுகளைப் பின்னுக்கு மடித்தல், வாலைச் சுழற்றியடித்தல், தோலைச் சிலிர்த்தல், விலகிச் செல்லுதல் ஆகியன வலியையோ எரிச்சலையோ காட்டும். மட்டக்குதிரைகள் இயல்பாகவே இணையாக நின்று ஒன்றன் தோள்மேட்டை மற்றொன்று பற்களால் நிமிண்டிக்கொள்ளும். பிரான்சின் கமார்க் குதிரைகளிடம் நடத்தப்பட்டு 1993ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இப்பகுதியைத் தேய்க்கும்போது இதயத் துடிப்பின் வேகம் குறைவதைக் காட்டியது.

== தூய்மையும் தொற்றும் ==

முடி நீக்கும் கருவிகள் நோயைப் பரப்பவும் கூடும். குதிரைகளிடம் காணப்படும் படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று ஆகும். இது கருவி, சேணம், போர்வை ஆகியவற்றின் வழியாக ஒரு குதிரையிலிருந்து மற்றொன்றுக்கும், மனிதருக்கும் பரவும். நீண்ட குளிர்கால முடிக்குள் பேன்கள் மறைந்திருந்து, குளிர்காலத்தின் பிற்பகுதியிலும் இளவேனிலின் தொடக்கத்திலும் பெருகுகின்றன. தொடர்ந்து நனையும் முதுகில் பாக்டீரியாத் தொற்றால் மழைச்சொறி தோன்றி, முடி பொருக்குகளோடு சிறு கொத்தாக எழும்பும். இவற்றின் தொடக்கநிலையை இயல்பான முடி உதிர்வாகத் தவறாகக் கருதிவிட வாய்ப்புண்டு. இயல்பான உதிர்வில் அடியில் புதிய குறுமுடியும் நலமான தோலும் தெரியும். வெறுந்தோல் திட்டுகள், பொருக்கு, ஓயாத அரிப்பு ஆகியன நோயைக் காட்டும்.

எனவே ஒவ்வொரு குதிரைக்கும் தனிக் கருவித் தொகுதி வைத்திருப்பதும், கருவிகளை அவ்வப்போது கழுவிக் காயவைப்பதும் நல்ல வழக்கங்களாகும். உதிர்முடியும் பொடுகும் காற்றில் பறப்பதால் ஒவ்வாமை உள்ளவர்கள் முகமூடி அணிந்துகொள்ளலாம். வறண்ட வானிலையில் பிளாஸ்டிக் கருவிகள் நிலைமின்னூட்டத்தை உண்டாக்கிக் குதிரையைத் திடுக்கிடச் செய்யும். கருவியைச் சற்று ஈரத்துணியால் துடைத்துக்கொண்டால் இது குறையும்.

== உதிராத முடி ==

கோடை வந்த பின்னும் நீண்ட, சுருண்ட முடி உதிராமல் நிற்குமானால் அது கருவியால் தீர்க்கவேண்டிய சிக்கல் அன்று. வயதான மட்டக்குதிரைகளிடம், குறிப்பாக 15 வயதைக் கடந்தவற்றிடம், கபச் சுரப்பியின் இடைப்பகுதி கட்டுப்பாடிழந்து அளவுக்கு மீறி இயக்குநீர்களைச் சுரக்கும் நோய் பரவலாகக் காணப்படுகிறது. இது நெடுங்காலமாகக் குதிரைகளின் குசிங் நோய் என அழைக்கப்பட்டு வந்தது. அச்சுரப்பியை அடக்கிவைக்கும் டோபமின் நரம்பணுக்கள் மூப்பினால் சிதைவதே இதற்குக் காரணமாகும்.

தொடக்கத்தில் முடி முழுவதுமாக உதிராமல், தாடையின் அடியிலும் வயிற்றிலும் கால்களின் பின்புறத்திலும் மட்டும் தங்கியிருக்கும். அல்லது உதிர்வு மற்றக் குதிரைகளைவிடச் சில வாரங்கள் பிந்தும். நோய் முற்றும்போது உடல் முழுவதும் நீண்ட முடி நிலைத்துவிடும். முதுகுத் தசை மெலிதல், மிகுதியான தாகம், அடிக்கடி தொற்று ஏற்படுதல் ஆகியனவும் உடன் காணப்படும். நோயுற்றவற்றுள் பலவற்றுக்குக் குளம்பழற்சி உண்டாகிறது. இதில் குளம்பின் கூட்டையும் உள்ளெலும்பையும் இணைக்கும் மென்தகடுகள் அழற்சியுற்றுத் தளர்ந்து, கடும் வலியைத் தருகின்றன. எலும்பு இடம்பெயர்ந்து, குதிரையைக் கருணைக்கொலை செய்யும் நிலையும் நேரக்கூடும். குருதிச் சோதனையால் நோயை உறுதிசெய்து, பெர்கோலைடு என்னும் மருந்தை நாள்தோறும் கொடுத்துப் பெருமளவு கட்டுப்படுத்த முடியும். இத்தகைய குதிரைகள் வெயிலில் தவிக்காமலிருக்க, அவற்றின் முடியை மின்கருவியால் கத்தரித்துவிடுவதே முறையாகும்.

குளிர்கால முடி உடலின் உண்மையான பருமனையும் மறைத்துவிடுகிறது. விலா எலும்புகள் துருத்திய மெலிந்த குதிரையும், கழுத்தில் கொழுப்பு கட்டிய பருத்த குதிரையும் அடர்ந்த முடிக்குள் ஒன்றுபோலத் தோன்றும். மட்டக்குதிரைகள் குறைந்த உணவிலேயே உடல் தேற்றிக்கொள்ளும் இயல்புடையவை. முடி உதிரும் அதே பருவத்தில்தான் சர்க்கரைச் சத்து மிகுந்த இளம்புல் செழிக்கிறது; பருத்த மட்டக்குதிரைகளுக்குக் குளம்பழற்சி ஏற்படும் வாய்ப்பும் அப்போது கூடுகிறது. நாள்தோறும் சீப்புடன் உடலைத் தொடுபவர், கண்ணுக்குத் தெரியாத இந்த மாற்றங்களைக் கைவிரல்களால் உணர முடியும். உடல் நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் எண்ணளவு முறை 1983ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதுவும் விலா, தோள்மேடு, வாலடி முதலிய இடங்களைக் கையால் தொட்டுப் பார்ப்பதைச் சார்ந்ததே.

== உதிர்ந்த முடி ==

ஒரு செட்லாந்து மட்டக்குதிரையிலிருந்து ஒரே முறையில் வாளி நிறைய முடி வருவது உண்டு. உதிர்முடி குட்டையாகவும் வழுக்கலாகவும் இருப்பதால் ஆட்டுக் கம்பளியைப் போல் எளிதாக நூற்க இயலாது. திறந்தவெளியில் விடப்படும் முடியைப் பறவைகள் கூட்டின் உட்புறத்தை மென்மையாக்க எடுத்துச் செல்கின்றன. வட அமெரிக்காவின் சிப்பிங் சிட்டு தன் கூட்டில் குதிரை முடியை மிகுதியாகப் பயன்படுத்தியதால், முற்காலத்தில் முடிப்பறவை என்றே அழைக்கப்பட்டது. பூச்சிக்கொல்லியோ மருந்தோ தெளிக்கப்பட்ட குதிரையின் முடி குஞ்சுகளுக்குத் தீங்கானது என்பதால், அதனை வெளியில் விடாமல் அப்புறப்படுத்த வேண்டும்.